நின்றுபோன வண்டி

பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகர் எனக்குத் தபால் கார்டு எழுதியிருந்தார். 2018-ஆம் வருஷத்துச் சங்கதி. தபால் கார்டு என்ற பொருள் இன்னும் புழக்கத்தில் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டுதான் படிக்க ஆரம்பித்தேன். படித்து முடித்தபோது சந்தோஷம் இல்லை.

"ஐயா, தங்கள் நாவலில் கதாநாயகன் கொட்டுகிற மழையில் தன் யெஸ்டி மோட்டார் சைக்கிளை வலது காலால் உதைத்துக் கிளப்பிக்கொண்டு கதாநாயகியின் ஊருக்குப் புறப்படுகிறான். அவன் விடிய விடிய உதைத்தாலும் வண்டி கிளம்பாது. யெஸ்டிக்கு உதைக்கும் கம்பி இடது பக்கம். வலது பக்கம் இருப்பது பிரேக். இப்படிக்கு, இருபது வருஷம் யெஸ்டி ஓட்டியவன்."

அந்த நாவல் மூன்று பதிப்பு வந்துவிட்டது. அதில் வரும் மழையைப் பற்றி மட்டும் ஓர் ஆராய்ச்சி மாணவர் பதினெட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார். மழை என்பது கதாநாயகனின் மனச்சாட்சியாம். இருக்கட்டும். அந்த மழையில் அவன் பிரேக்கை உதைத்துக்கொண்டிருந்தான் என்பது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பொள்ளாச்சிக்காரருக்குத் தெரிந்திருக்கிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் யெஸ்டி ஓட்டியதில்லை. சிறு பிள்ளையாக இருந்தபோது பக்கத்து வீட்டு மாமா ஒருவர் பின்னால் உட்கார்த்தி வைத்து இரண்டு தெரு சுற்றிக் காட்டியிருக்கிறார். அந்தச் சத்தமும், எண்ணெய் கலந்த அந்தப் புகை வாசனையும் முப்பது வருஷமாக மூக்கிலும் காதிலும் தங்கியிருந்தன. அவற்றை நம்பி ஒரு அத்தியாயம் எழுதிவிட்டேன். மூக்கையும் காதையும் நம்பி எழுதினால் கால் தப்பாகத்தான் போகும்.

ஒரு யெஸ்டி வாங்கிவிடுவது என்று தீர்மானித்தேன். நாவலைத் திருத்துவதற்கு ஒரு பேனா போதாதா, மோட்டார் சைக்கிள் எதற்கு என்று என் மனைவி கேட்டாள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

யெஸ்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். செக்கோஸ்லோவாகியா என்று அப்போது ஒரு தேசம் இருந்தது. அங்கே யானெசெக் என்பவர் ஆயுதங்கள் செய்து கொண்டிருந்தார். 1929-இல் ஜெர்மனியின் வாண்டரர் கம்பெனியிடமிருந்து மோட்டார் சைக்கிள் செய்யும் உரிமையை வாங்கினார். தம் பெயரில் இரண்டெழுத்தும் அந்தக் கம்பெனியின் பெயரில் இரண்டெழுத்தும் சேர்த்து 'ஜாவா' என்று வண்டிக்குப் பெயர் வைத்தார். அந்த ஜாவா, பார்சி வம்சத்தைச் சேர்ந்த ஈரானி குடும்பத்தாரின் முயற்சியால் மைசூருக்கு வந்து, 1961-இலிருந்து அங்கேயே தயாராக ஆரம்பித்தது. 1973-இல் ஜாவா என்ற பெயர் போய் யெஸ்டி என்ற பெயர் வந்தது. ஈரானில் யஸ்த் என்றொரு ஊர் இருக்கிறது. பெயர் அங்கிருந்து வந்தது என்பார்கள். 1978-இல் ரோட்கிங் என்ற மாடல் பிறந்தது. 250 சி.சி. என்ஜின். ஒரே சிலிண்டர், ஆனால் புகைபோக்கி மட்டும் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. ஒரு பெண்ணுக்கு இரண்டு மாமியார் மாதிரி.

பொள்ளாச்சிக்காரர் குறிப்பிட்ட அந்தக் கம்பி இருக்கிறதே, அது தனிப் புராணம். உதைப்பதற்கும் கியர் மாற்றுவதற்கும் ஒரே கம்பிதான். அதை உள்ளே அழுத்திப் பின்பக்கமாகத் தூக்கி நிறுத்தினால் உதைக்கும் கம்பி. வண்டி கிளம்பியதும் முன்பக்கம் தாழ்த்தினால் அதுவே கியர்க் கம்பி. கிளட்சைப் பிடிக்காமலே கியர் மாற்றலாம். அந்தக் கம்பியை அமுக்கும்போதே உள்ளே கிளட்ச் தானாக விலகிக்கொள்ளும். இவ்வளவு சாமர்த்தியத்தையும் 1996-ஆம் வருஷம் மைசூரில் மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். ஆலை மூடப்பட்டது. யெஸ்டி நின்றது.

ஏன் நின்றது என்று நான் பலரைக் கேட்டேன். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "புகைச் சட்டம் வந்தது, சார். அதனால்தான்."

சட்டம் வந்தது உண்மை. இந்த வண்டியின் என்ஜின் டூ ஸ்ட்ரோக் ரகம். அதன் குணத்தைக் கல்யாணப் பந்தியை வைத்துச் சொன்னால் சுலபமாக விளங்கும். ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின் ஒழுங்கான வீட்டுக் கல்யாணம். முதல் பந்தி சாப்பிட்டு எழுந்து, இலை எடுத்து, துடைத்து, அப்புறம்தான் கதவைத் திறந்து அடுத்த பந்தியை விடுவார்கள். டூ ஸ்ட்ரோக்கில் அந்தப் பொறுமை கிடையாது. முதல் பந்திக்காரன் ரசத்தில் இருக்கும்போதே இரண்டாம் பந்திக்காரன் உள்ளே புகுந்து, அவனை நெட்டிப் பின்கட்டு வழியாக வெளியே தள்ளுவான். அந்த நெருக்கடியில் புதிதாக வந்தவர்களிலும் சிலர், இலையில் உட்காராமலே கும்பலோடு கும்பலாகப் பின்கட்டு வழியே போய்விடுவார்கள். அப்படிச் சாப்பிடாமல் போகிறவர்கள்தான் எரியாத பெட்ரோல். அது போதாதென்று, இந்த என்ஜினுக்கு எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்ற வேண்டும். அந்த எண்ணெயும் சேர்ந்து எரிந்து புகையாகப் போகும். சுறுசுறுப்பு என்னவோ பிரமாதம். ஆனால் பின்னால் வருகிறவன் கர்ச்சீப்பை எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் வண்டிப் புகைக்கு அளவு வைத்தது 1991-இல். 1996-இல் அதை இறுக்கினார்கள். இரு சக்கர வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடினால் 4.5 கிராமுக்கு மேல் கார்பன் மோனாக்சைடு விடக் கூடாது என்றார்கள். 2000-இல் அதை 2 கிராம் ஆக்கினார்கள். யமாஹா ஆர்.எக்ஸ். 100 என்று வாலிபர்கள் உயிரை விட்ட வண்டி ஒன்று 1985-இல் வந்ததே, அதுவும் இதே 1996-இல்தான் நின்றது.

ஆனால் சட்டம் மட்டும் கொன்றது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆர்.எக்ஸ். 100 போன இடத்தில் அதன் தம்பிகள் வந்து, டூ ஸ்ட்ரோக்காகவே இன்னும் சில வருஷம் ஓடினார்கள். தேங்காய் மூட்டையையும் தண்ணீர்க் குடத்தையும் சுமக்கும் டி.வி.எஸ். மொபெட் 2000-க்குப் பிறகும் வெகு காலம் டூ ஸ்ட்ரோக்காகவே ஓடியது. மனசும் பணமும் இருந்தால் சட்டத்துக்கு ஏற்றபடி என்ஜினைத் திருத்திக்கொள்ளலாம். யெஸ்டிக்கு வியாதி அதற்குப் பத்து வருஷம் முந்தியே வந்துவிட்டது.

1984-இல் ஹோசூரிலிருந்து இந்த்-சுஸுகி வந்தது. மறு வருஷம் ஹீரோ ஹோண்டா வந்தது. ஜப்பான்காரன் கூட்டில் வந்த நூறு சி.சி. வண்டிகள். பார்க்க நோஞ்சான்; ஆனால் ஹீரோ ஹோண்டா லிட்டருக்கு எண்பது ஓடும் என்று ஊரெல்லாம் பேச்சு. யெஸ்டி முப்பதைத் தொட்டாலே மெக்கானிக்குக்குப் பொன்னாடை போர்த்தலாம். மாதச் சம்பளக்காரன் ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆபீசுக்குப் போக எட்டு மைல், வர எட்டு மைல், லிட்டர் விலை இவ்வளவு என்று பெருக்கினான். அந்தக் காகிதத்தில்தான் யெஸ்டி செத்தது. 1996-இல் நடந்தது கருமாதி.

அதற்குப் பிறகு ஒரு வேடிக்கை நடக்கும். நின்றுபோன வண்டியின் விலை முதலில் பாதாளத்துக்குப் போகும். "பார்ட்ஸ் கிடைக்காது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சொந்தத் தம்பிகூட வாங்க மாட்டான். பழைய இரும்புக் கடையில் எடை போட்டவை எத்தனையோ. அப்படிப் பாதிக்கு மேல் அழிந்த பிறகு, மிச்சம் இருப்பதன் மேல் ஜனங்களுக்குத் திடீரென்று பிரியம் வரும். விலை ஏறும். உற்பத்தியில் இருந்தபோது காகிதம் பென்சிலோடு உட்கார்ந்தவனின் மகன், இப்போது எதையும் பெருக்கிப் பாராமல் பணம் கொடுப்பான். 2018-இல் ஜாவா என்ற பெயரிலும், 2022-இல் யெஸ்டி என்ற பெயரிலும் புது வண்டிகள் வந்தன. ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின். ஒழுங்கான வீட்டுக் கல்யாணம். நல்ல வண்டிகளாக இருக்கலாம். பொள்ளாச்சிக்காரரிடம் அவற்றைப் பற்றி அபிப்பிராயம் கேட்க எனக்குத் தைரியமில்லை.

திருச்சி பாலக்கரையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் உண்டு. ஊருக்கே அவர் பாய். அவரை அழைத்துக்கொண்டு வண்டி தேடப் புறப்பட்டேன்.

முதலில் பார்த்தது ஒரு புரோக்கர் வைத்திருந்த வண்டி. கல்யாணப் பெண் மாதிரி ஜொலித்தது. பாய் அதைச் சுற்றி வரவில்லை, உதைத்துப் பார்க்கவில்லை. குனிந்து என்ஜின் நம்பரை மட்டும் கட்டை விரலால் தடவினார். ஆர்.சி. புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். "வாங்க சார், டீ சாப்பிடலாம்" என்று என்னை வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். நம்பரை ராவிவிட்டுப் புதிதாகக் குத்தியிருக்கிறார்களாம். "எழுத்து ஒன்னு மேல ஒன்னு கீழ நிக்குது. கம்பெனிக்காரன் அப்படிக் குத்த மாட்டான்" என்றார். பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு அவர் சொல்லும் உபதேசம் இவ்வளவுதான்: முதலில் நம்பர், அப்புறம் டேங்கின் உள்ளே துரு, அப்புறம் என்ஜின் அடியில் கேட்கிற சத்தம். பெயின்டைப் பார்க்கவே கூடாது. பெயின்டைப் பார்ப்பதற்குத்தான் நான் இருந்தேனே!

இப்படி ஏழெட்டு வண்டி பார்த்துச் சலித்த பிறகு, 2019-இல், உறையூரில் ஒரு வீட்டு நடையில் ஒரு ரோட்கிங் இருப்பதாகத் தகவல் வந்தது.

அறுபத்தைந்து வயது இருக்கும் அந்த அம்மாளுக்கு. புருஷர் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் காலமாகிவிட்டார். பிள்ளையும் பெண்ணும் வெளியூரில். வீட்டின் முன்பகுதியை வாடகைக்கு விட உத்தேசம். அதற்கு நடையைக் காலி செய்ய வேண்டும். தார்ப்பாயை விலக்கினார். கறுப்பு வண்டி. டேங்கில் குரோமியம் மங்கியிருந்ததே தவிர உரியவில்லை. பாய் நம்பரைத் தடவினார், தலையை ஆட்டினார். டேங்கைத் திறந்து மோந்தார். மறுபடி தலையை ஆட்டினார். அப்புறம் எழுந்து நின்று கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருடன் பழகியவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். அவ்வளவு நல்ல வண்டி.

"இரும்புக் கடைக்காரன் ஆறாயிரம்னு கேட்டான் தம்பி" என்றார் அந்த அம்மாள். "அவருக்கு இது உசிரு. எடைக்குப் போட மனசு வரல. ஓட்டறவங்க யாராவது எடுத்துக்கிட்டா தேவலைன்னு பாக்கறேன். பத்தாயிரம் கேட்டா ஜாஸ்தியா?"

பாய் இருமினார்.

ஏழெட்டு வண்டி பார்த்தவன் நான். அந்த நிலையில் இருக்கும் ரோட்கிங் என்ன விலை போகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு விநாடி இருக்கும். அந்த இரண்டு விநாடியில் நான் என்ன நினைத்தேன் என்று இப்போது எவ்வளவு அழகாக வேண்டுமானாலும் எழுதலாம். நான் சொன்னது இதுதான்: "பரவாயில்லேம்மா. பத்தாயிரமே குடுத்துடறேன்."

'பரவாயில்லை' என்று சொன்னேன். பெரிய மனசு பண்ணுகிறவன் மாதிரி!

பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு அந்த அம்மாள் உள்ளே போய், காக்கி அட்டை போட்ட ஒரு நோட்டைக் கொண்டு வந்தார். அவர் கணவர் 1985-இல் வண்டி வாங்கிய நாளிலிருந்து போட்ட பெட்ரோல், கலந்த எண்ணெய், மாற்றிய பிளக், ஓடிய கிலோமீட்டர் எல்லாம் அதில் பொடி எழுத்தில் இருந்தன. பெட்ரோல் விலை ஒற்றை இலக்கத்தில் இருந்த காலத்திலிருந்து நோட்டு ஆரம்பிக்கிறது. லிட்டருக்கு 27, 28, 26 என்று ஓரத்தில் கணக்கு. ஹீரோ ஹோண்டா வந்த பிறகும், மைசூரில் ஆலை மூடிய பிறகும், அதே 27, 28, 26. இந்த மனிதரிடமும் காகிதமும் பென்சிலும் இருந்திருக்கிறது. ஒவ்வொரு ராத்திரியும் கணக்குப் போட்டிருக்கிறார். ஆனால் வண்டியை மாற்றவில்லை.

"இதுவும் வண்டியைச் சேர்ந்ததுதான்" என்று நோட்டை என் கையில் கொடுத்தார்.

பாய் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் கூட நடந்தேன். பாலக்கரை வரும் வரையில் அவர் பேசவில்லை. பட்டறை வாசலில் ஸ்டாண்டு போட்டுவிட்டு, "அறுபதுக்குக் குறையாது சார், இந்த வண்டி" என்றார்.

"தெரியும் பாய்."

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டு ஸ்பானரைத் தேடப் போய்விட்டார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது என் மனைவி முதலில் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, "உங்க கதையில இப்படி ஒருத்தன் வந்தா அவனை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். என் கதைகளில் இப்படி நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். ஒருவனையும் நான் சும்மா விட்டதில்லை. இரும்புக் கடைக்காரனைவிட நாலாயிரம் அதிகம் கொடுத்திருக்கிறேன், பழுது பார்க்க இன்னும் எவ்வளவோ ஆகும், அவர் கேட்ட விலையில் நான் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை என்று இருட்டில் வரிசையாகச் சொன்னேன். ஒவ்வொன்றும் உண்மை. அவள் தூங்கிவிட்டாள் என்று நினைக்கிறேன்.

அதோடு நான் அந்தப் பக்கமே போகாமல் இருந்திருப்பேனோ என்னவோ. போக்குவரத்து அலுவலகம் விடவில்லை. ஆர்.சி. இறந்துபோனவர் பெயரில் இருந்தது. அந்த மனிதர் ஒழுங்கானவர். பதினைந்து வருஷம் முடிந்த 2000-இலிருந்து ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை தவறாமல் புதுப்பித்திருந்தார். (2022 ஏப்ரலில் அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 300 ரூபாயிலிருந்து 1000 ஆயிற்று. அவருக்கு அந்தக் கஷ்டம் இல்லை; எனக்கு உண்டு.) ஆனால் செத்தவரிடமிருந்து நேராக நான் வாங்க முடியாது. முதலில் 31-ஆம் நம்பர் பாரத்தில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பிள்ளையும் பெண்ணும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்கும் கடிதம். பிறகு 29, 30 என்ற பாரங்களில் அந்த அம்மாள் எனக்கு விற்றதாகக் கையெழுத்துப் போட வேண்டும். ஆக, உறையூர் வீட்டுக்கு நான் மறுபடி மறுபடி போயே தீர வேண்டியதாயிற்று. ஒவ்வொரு தடவையும் காபி கொடுத்தார். மூன்றாவது காபி இறங்கவில்லை.

கடைசிக் கையெழுத்துக்குப் போன அன்று, ஒரு கவரில் இருபத்தைந்தாயிரம் ரூபாய் எடுத்துக்கொண்டு போனேன். அறுபதுக்குப் பத்து போனால் ஐம்பது. ஐம்பதில் பழுதுக்கு என்று பாதியை நானே தீர்ப்புச் சொல்லிக் கழித்துக்கொண்டேன். வக்கீலும் நானே, ஜட்ஜும் நானே.

கவரை மேஜை மேல் வைத்து, "வண்டி நல்ல விலை போகுமாம்மா. உங்களுக்குச் சேர வேண்டியது இது" என்றேன்.

அவர் எண்ணிப் பார்த்தார். நிதானமாக, எச்சில் தொட்டு, ஒவ்வொரு நோட்டாக. எண்ணி முடித்து, "அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா தம்பி?" என்று கேட்டார்.

பணத்தைக் கொடுத்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்வதுதான் பாக்கி. அதற்கு ஒரு பைசா செலவில்லை.

"இல்லேம்மா. அப்புறமா விசாரிச்சேன்" என்றேன்.

"அப்படியா" என்றார். கவரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பாரத்தில் கையெழுத்துப் போட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கூட வந்திருந்த பாய் வாசலில் வண்டியின் ஸீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் காதில் அது விழுந்ததா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

கிளம்பும்போது அந்த அம்மாள் வாசல் வரை வந்து, "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுங்க, சத்தம் கேக்கறேன்" என்றார். கம்பியை உள்ளே அழுத்திப் பின்னால் தூக்கி நிறுத்தி, இடது காலால் உதைத்தேன். மூன்றாம் உதையில் கிளம்பியது. நீலப் புகை நடை முழுதும் பரவியது. அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முந்தானையால் மூக்கை மூடிக்கொள்ளவில்லை.

நாவலின் நாலாம் பதிப்பில் 'வலது' என்பதை 'இடது' என்று திருத்திவிட்டேன். பொள்ளாச்சிக்காரருக்கு ஒரு பிரதி அனுப்பினேன். 'பெற்றுக்கொண்டேன். சரியாக இருக்கிறது' என்று பதில் கார்டு வந்தது.

பெட்ரோல் கணக்கை அந்தக் காக்கி நோட்டிலேயே நானும் எழுதி வருகிறேன். எனக்கு 25-க்கு மேல் வருவதில்லை; பாய் என் கையைக் குறை சொல்கிறார். நோட்டின் முதல் பக்கத்தில் அந்த மனிதர் வாங்கிய தேதி, இடம், விலை என்று மூன்று வரி எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். அதன் கீழே என் தேதியையும் இடத்தையும் எழுதினேன். விலை என்ற இடத்தில் 10,000 என்று போடுவதா 35,000 என்று போடுவதா என்று தீர்மானமாகவில்லை. அந்த இடம் காலியாக இருக்கிறது.